இசை நகைச்சுவைத் தொடர்களில் பகடியும் மரியாதையும் மறைகுறிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத் தொலைக்காட்சியின் இசை நகைச்சுவைத் தொடர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரே வகையான ஐயங்கள் எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. முன்பே விளக்கியது மறுபடி தேவைப்படும் இடத்தில் அந்தக் கேள்வியின் எண்ணை மட்டும் குறித்திருக்கிறேன்.

1. பகடி, மரியாதை, மறைகுறிப்பு என்று தனித்தனியாகச் சொல்கிறார்களே, எல்லாம் ஒன்றுதானே?

மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஒரு படைப்பு தனக்கு முந்தைய இன்னொரு படைப்பைப் பார்ப்பவரின் நினைவுக்குக் கொண்டுவருகிறது. நினைவுக்குக் கொண்டுவந்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது என்பதில்தான் வேறுபாடு தொடங்குகிறது. பகடி, மூலத்தின் நடையை எடுத்துக்கொண்டு அதன் ஏதோ ஒரு பண்பை மிகைப்படுத்தியோ தலைகீழாக்கியோ காட்டும். மரியாதை, மூலத்தின் அழகைத் தானும் ஒருமுறை நிகழ்த்திப் பார்க்கும். அதில் சிரிப்பு இருந்தாலும் அது மூலத்தைக் குறிவைக்காது. மறைகுறிப்பு இவ்விரண்டையும்விடச் சிறியது. ஓர் உடை, இரண்டு நொடி வாத்திய ஒலி, பின்னணியில் ஒரு பெயர்ப்பலகை. கண்டுகொண்டவருக்கு மகிழ்ச்சி, காணாதவருக்கு நட்டமில்லை.

ஒரே பாடலில் இம்மூன்றும் கலந்திருப்பது வழக்கம். ஆகவே எந்த வகை என்று முத்திரை குத்துவதைவிட, இந்தச் சிரிப்பு யாரை நோக்கிப் போகிறது என்று கேட்பதே பயன் தரும். மூலப் படைப்பை நோக்கியா, பாடும் பாத்திரத்தை நோக்கியா, அந்தப் படைப்பை நம்பி வளர்ந்த பார்வையாளரை நோக்கியா? கீழே உள்ள விடைகளில் பலவும் இந்தக் கேள்வியிடமே திரும்பி வரும்.

2. கேலி செய்யாமல் பகடி செய்ய முடியுமா?

முடியும். பகடியைப் பற்றி 1985இல் நூல் எழுதிய கனடிய அறிஞர் லிண்டா ஹட்சியன், ஏளனம் பகடிக்குக் கட்டாயமில்லை என்றார். பழையதைத் திரும்பச் செய்யும்போதே அதிலிருந்து ஒரு விமர்சன இடைவெளியைப் பேணுவதுதான் அவர் பார்வையில் பகடியின் இலக்கணம். இதற்கு எதிர்முனையில் அமெரிக்க இலக்கிய விமர்சகர் ஃபிரெட்ரிக் ஜேம்சன் நிற்கிறார். பழைய நடைகளை எந்த நோக்கமும் இல்லாமல் அணிந்துகொள்ளும் போக்கை அவர் நகைச்சுவை உணர்வை இழந்த வெற்றுப் பகடி என்று கண்டித்தார்.

இருவரையும் சேர்த்து வாசித்தால் கையில் ஓர் உரைகல் கிடைக்கிறது: மூலத்தில் இல்லாத எதையாவது இந்தப் பாடல் சொல்கிறதா? ஐம்பதுகளின் உடையும் ஐம்பதுகளின் வாத்தியங்களும் மட்டும் இருந்து வேறெதுவும் இல்லையென்றால், செலவு எவ்வளவு செய்திருந்தாலும் அது நகல்தான்.

3. மற்ற நகைச்சுவைத் தொடர்களைவிட இசைத் தொடர்களில் மட்டும் ஏன் இவ்வளவு பகடி?

பேசிக்கொண்டிருக்கும் ஒருவர் திடீரெனப் பாடத் தொடங்குவதற்கு, இயல்புவாத நடையில் பழகிய அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு காரணம் தேவைப்படுகிறது. 'பஃபி' தொடரின் 2001ஆம் ஆண்டு இசை அத்தியாயத்தில் ஒரு பேய் ஊரையே பாட வைக்கிறது. 'க்ளீ' தொடரில் பள்ளிப் பாடகர் குழு காரணமாகிறது. 'ஷ்மிகடூன்' தொடரில் மாயக் கிராமம். 'கிரேசி எக்ஸ்-கேர்ள்ஃப்ரெண்ட்' தொடரில் நாயகியின் மனம். இப்படிக் காரணம் சொல்லத் தொடங்கிய கணமே, "இது இசை நாடகத்தின் மரபு, எங்களுக்கும் தெரியும்" என்று தொடர் ஒப்புக்கொண்டுவிடுகிறது. மரபைப் பற்றிப் பேசாமல் மரபைப் பயன்படுத்த அதனால் முடிவதில்லை. பகடி அந்த இடத்தில்தான் முளைக்கிறது.

4. நான் நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் வந்த பழைய இசை நாடகம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. இவற்றைப் பார்த்து எனக்கு என்ன புரியும்?

பெரும்பகுதி புரியும், நன்றாக எழுதப்பட்டிருந்தால் கட்டாயம் புரியும். 'தி சிம்ப்ஸன்ஸ்' தொடரில் 1993இல் ஒளிபரப்பான மோனோரயில் அத்தியாயத்தைப் பாருங்கள். கோனன் ஓ'பிரையன் எழுதியது. வாய்ச்சாலமுள்ள ஒரு விற்பனையாளன் ஊர்க் கூட்டத்தில் பாடியே எல்லாரையும் மயக்கி, தேவையில்லாத ஒரு மோனோரயிலை (ஒற்றைத் தண்டவாள ரயிலை) அவர்கள் தலையில் கட்டிவிடுகிறான். 'தி மியூசிக் மேன்' என்ற 1957ஆம் ஆண்டு நாடகத்தையும் அதன் 1962ஆம் ஆண்டுத் திரைப்படத்தையும் அறியாதவருக்கும் அந்தக் காட்சி சிரிப்பைத் தரும். ஏமாறத் துடிக்கும் கூட்டம் எந்த ஊரிலும் உண்டு.

மூலம் தெரிந்தவருக்குக் கூடுதலாக ஓர் அடுக்கு கிடைக்கிறது. அந்த நாடகத்தின் நாயகனும் எத்தன்தான். ஆனால் அங்கே காதல் அவனைத் திருத்திவிடுகிறது, ஊரும் மன்னித்துவிடுகிறது. சிம்ப்ஸன்ஸின் எத்தன் திருந்துவதில்லை, பணத்தோடு கிளம்பிவிடுகிறான். பழைய நாடகத்தின் இனிப்பான முடிவைப் பற்றிய விமர்சனம் இந்த மாற்றத்தில் இருக்கிறது. மூலம் தெரிந்தால் மட்டுமே சிரிப்பு வரும் காட்சி எழுத்தாளரின் சோம்பலைக் காட்டுகிறது என்பது என் கருத்து.

5. ஒரு பாட்டைக் கேட்டதும் "இது அந்தப் பாட்டு மாதிரி இருக்கிறதே" என்று தோன்றுகிறது, ஆனால் மெட்டு வேறு. அதை எப்படிச் செய்கிறார்கள்?

இதுதான் இக்கலையின் நுட்பமான பகுதி. இங்கே பகடி செய்யப்படுவது ஒரு குறிப்பிட்ட பாடலன்று, பாணி. பாணி என்பது பல சிறு அடையாளங்களின் தொகுப்பு: தாளத்தின் வேகம், எந்த வாத்தியம் முன்னால் நிற்கிறது, இயைபு எங்கே விழுகிறது, பாடகர் மூச்சை எப்படிக் கையாளுகிறார், கோரஸ் எப்போது நுழைகிறது, எந்த இடத்தில் சுருதி ஒரு படி ஏறுகிறது. இவற்றில் நான்கைந்தைச் சரியாகப் பிடித்துவிட்டால், மெட்டை முற்றிலும் புதிதாக எழுதினாலும் கேட்பவரின் காது மூலத்தைத் தானே தேடிக்கொள்ளும். தொலைக்காட்சிக்கு இதற்கு மேல் காட்சியும் துணை நிற்கிறது. ஒளியமைப்பு, உடை, நடன அடவு, கேமரா அசையும் விதம் எல்லாமே அடையாளங்கள்தாம்.

2015 முதல் 2019 வரை நான்கு பருவங்கள் ஓடிய 'கிரேசி எக்ஸ்-கேர்ள்ஃப்ரெண்ட்' இதற்குச் சிறந்த பாடநூல். ரேச்சல் புளூமும் அலைன் பிராஷ் மெக்கென்னாவும் உருவாக்கிய அத்தொடரின் பாடல்களைப் புளூம், ஆடம் ஷ்லெசிங்கர், ஜாக் டோல்கன் ஆகியோர் எழுதினார்கள். முதல் பருவத்தில் கிரெக் என்னும் பாத்திரம் நாயகியிடம் தன் காதலைச் சொல்லும் பாடல், ஃப்ரெட் அஸ்டேர், ஜிஞ்சர் ரோஜர்ஸ் என்னும் நடன நட்சத்திர இணையின் முப்பதுகளின் படங்களைப் போலக் கறுப்பு வெள்ளையில், மாலை நேர உடையுடனும் மென்மையான நடனத்துடனும் வருகிறது. வடிவத்தைப் பார்த்தால் பெருங்காதல். வரிகள் சொல்வதோ, "நீ விரும்பியவன் கிடைக்கவில்லையென்றால் என்னோடு சமாதானமாகிக்கொள்" என்பதுதான். அந்த உயர்ந்த வடிவத்துக்கும் இந்தத் தாழ்ந்த வேண்டுகோளுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் சிரிப்பும் பரிதாபமும் ஒன்றாகவே கிடக்கின்றன. அஸ்டேரை யாரும் இங்கே கேலி செய்யவில்லை. அவரைப் போலாகத் தனக்குத் தகுதியில்லை என்று கிரெக் நினைப்பதுதான் காட்சி.

இரண்டாம் பருவத்தின் முக்கோணக் காதல் பாடல் இன்னும் கூர்மையானது. 1953ஆம் ஆண்டு வெளிவந்த 'ஜென்டில்மென் ப்ரிஃபர் ப்ளாண்ட்ஸ்' படத்தில் ஆடவர் கூட்டத்தின் நடுவே வைரங்களைப் பற்றிப் பாடும் மர்லின் மன்றோவின் கொஞ்சுகுரலை நாயகி ரெபெக்கா எடுத்துக்கொள்கிறாள். அவளைச் சுற்றி நிற்பவர்கள் கணித ஆசிரியர்கள். அவர்கள் முக்கோண வடிவியலைப் பொறுமையாக விளக்க, அவள் ஒன்றும் அறியாதவளாகக் கண் சிமிட்டுகிறாள். ஹார்வர்டிலும் யேலிலும் படித்த வழக்குரைஞர் அவள். இரண்டு ஆண்களுக்கு நடுவில் நிற்பதன் இனிமையை விட மனமில்லாமல், அறியாமையை ஓர் உடையாகப் போட்டுக்கொள்கிறாள் என்பதை அந்தக் கொஞ்சுகுரலே காட்டிக்கொடுத்துவிடுகிறது. வசனத்தில் இதைச் சொல்லியிருந்தால் ஒரு முழுக்காட்சி தேவைப்பட்டிருக்கும்.

6. ஒரே பழைய பாட்டை இரண்டு தொடர்கள் பகடி செய்தால் இரண்டாவது தேவையற்றதுதானே?

இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. நான்காம் கேள்வியில் சொன்ன 'தி மியூசிக் மேன்' நாடகத்தில், ஊருக்கு வந்திருக்கும் பூல் ஆட்ட மேசையால் இளைஞர்கள் கெட்டுப்போவார்கள் என்று எத்தன் ஊராரைப் பயமுறுத்தும் புகழ்பெற்ற வேகப் பாடல் ஒன்று உண்டு. சிம்ப்ஸன்ஸ் அதிலிருந்து விற்பனைத் தந்திரத்தை எடுத்துக்கொண்டது. 'ஷ்மிகடூன்' முதல் பருவத்தில் (2021) அதே பாடலின் சாயலை எடுத்துக் கிறிஸ்டின் செனோவெத் நடித்த மில்ட்ரெட் என்னும் பாத்திரத்திடம் கொடுத்தார்கள். அவள் எதையும் விற்க வரவில்லை. ஊரின் ஒழுக்கக் காவலராகத் தன்னை நியமித்துக்கொண்ட மதகுருவின் மனைவி. வெளியூரிலிருந்து வந்த இருவரால் ஊர் கெட்டுவிட்டது என்று மூச்சுவிடாமல் பாடுகிறாள். கேமராவும் வெட்டே இல்லாமல் அவளைப் பின்தொடர்கிறது.

மூலத்தில் பயமுறுத்துபவனுக்குத் தான் சொல்வது பொய் என்று தெரியும். மில்ட்ரெட் தான் சொல்வதை நம்புகிறாள். அச்சத்தைக் கிளப்பும் அதே சொற்கட்டு எத்தன் வாயில் வேடிக்கையாகவும் நம்பிக்கையாளர் வாயில் ஆபத்தாகவும் ஒலிப்பதை இந்த இடமாற்றம் காட்டுகிறது. அறுபது ஆண்டுப் பழைய பாடலுக்குள் இது ஏற்கெனவே இருந்ததுதான். பகடி வந்துதான் அதை வெளியே எடுத்தது.

7. ஒரு முழுத் தொடரையே பகடியாக ஓட்டினால் சலித்துவிடாதா?

சலிக்கக்கூடும். ஷ்மிகடூன் அந்த ஆபத்தை ஒரு எளிய உத்தியால் சமாளித்தது. உறவு கசந்துபோன இக்கால இணை ஒன்று ஒரு பாலத்தைக் கடந்து, இசை நாடகமே வாழ்க்கையாக இருக்கும் ஊரில் மாட்டிக்கொள்கிறது. மெய்க்காதல் கிடைக்கும்வரை வெளியேற முடியாது. பெயரும் கதையின் தொடக்கமும் 'பிரிகடூன்' என்னும் 1947ஆம் ஆண்டு நாடகத்திலிருந்து வந்தவை. அந்த இணையில் மெலிஸாவுக்கு இசை நாடகம் பிடிக்கும், ஜாஷுக்குப் பிடிக்காது. இரசிகரையும் வெறுப்பவரையும் கதைக்குள்ளேயே வைத்துவிட்டதால், பகடியும் மரியாதையும் அவர்கள் இருவருக்கும் இடையிலான வாக்குவாதமாகவே நடக்கின்றன.

முதல் பருவம் நாற்பது, ஐம்பதுகளின் நாடகங்களைத் தொட்டது. இரண்டாம் பருவம் (2023) அறுபது, எழுபதுகளின் இருண்ட நாடகங்களான 'கேபரே', 'சிகாகோ', 'ஸ்வீனி டாட்' ஆகியவற்றுக்கு நகர்ந்தது. பாடல்களை எழுதியவர் சின்கோ பால். முதல் பருவத்தில் மக்காச்சோளப் பதார்த்தத்தைப் பற்றி ஊரே துள்ளிக் குதித்துப் பாடும் பாடல் 2022இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது பெற்றது. கதைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பழைய நாடகங்களில் இப்படிப்பட்ட பாடல்கள் ஏன் வருகின்றன என்ற ஜாஷின் எரிச்சலுக்கு இரை போடுவதே அதன் வேலை. ஆனாலும் கேட்டவர் வாயில் அது ஒட்டிக்கொள்கிறது. தான் கேலி செய்யும் பொருளை அதற்குரிய தரத்திலேயே செய்துகாட்ட முடியாதவர் பகடியில் இறங்கக்கூடாது.

8. தலைப்புப் பாடலை ஒவ்வொரு பருவத்திலும் மாற்றுகிறார்களே, அதிலும் ஏதாவது இருக்கிறதா?

கிரேசி எக்ஸ்-கேர்ள்ஃப்ரெண்டைப் பற்றித்தான் பலரும் இப்படிக் கேட்கிறார்கள். முதல் பருவத்தில் அசைபடப் பாத்திரங்கள் ரெபெக்காவைப் பைத்தியக்காரி என்று பாட, அவள் அந்தச் சொல்லையே மறுத்து இடைமறிக்கிறாள். இரண்டாம் பருவத்தில், நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லியின் முப்பதுகளின் படங்களைப் போல நடனப் பெண்கள் சூழ, தான் காதல் வயப்பட்ட ஒரு பெண் மட்டுமே, தன்மேல் பழியில்லை என்கிறாள். மூன்றாவதில் வெவ்வேறு இசை வகைகள் அந்தச் சொல்லை ஒன்றுக்கொன்று முரணாகப் பயன்படுத்திக் குழப்புகின்றன. நான்காவதில் பழைய குடும்ப நகைச்சுவைத் தொடர்களின் முகப்பு இசை. வடிவம் மாறுவது அலங்காரத்துக்காக அன்று; அந்தந்த ஆண்டில் அவள் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் சமாதானம் எதுவோ, அதற்குப் பொருந்தும் வடிவம் வருகிறது.

9. அந்தத் தொடரில் எல்லாப் பாட்டும் ரெபெக்காவின் தலைக்குள்தான் நடக்கிறது என்றால், பகடி செய்வது எழுத்தாளரா, அவளா?

இருவரும். தொடரின் இறுதியில் ரெபெக்கா தன் தோழி பாலாவிடம், தான் வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரங்களில் தன்னை இசை நாடகத்துக்குள் கற்பனை செய்வதாகச் சொல்கிறாள். அதுவரை நாம் தொடரின் பாணியென்று நினைத்த அத்தனை கடன்களும் அவளுடைய கடன்கள் என்று ஆகிவிடுகின்றன. தன் உணர்ச்சிக்குச் சொந்த வடிவம் இல்லாதவள், தான் கேட்டு வளர்ந்த வடிவங்களை எடுத்து உடுத்திக்கொள்கிறாள். தன்னைத் தானே திட்டிக்கொள்ளும் பாடலைக்கூட, பெருமேடையில் ஒரு நட்சத்திரப் பாடகி ரசிகர்களைச் சேர்ந்து பாட அழைக்கும் வடிவில்தான் அவளால் பாட முடிகிறது. சிரிப்பு வராத பகடிக்கு உதாரணம் கேட்பவர்களுக்கும் நான் அந்தப் பாடலையே காட்டுவேன்: வடிவம் கைதட்டலை எதிர்பார்க்கிறது, உள்ளடக்கம் தன்வெறுப்பு.

மனநோய் மருந்துகளைப் பற்றிய கடைசிப் பருவப் பாடல் இதன் மறுபக்கம். 'லா லா லேண்ட்' படத்தின் துள்ளலான கூட்ட நடனச் சாயலில், மருந்து உட்கொள்வது மிகச் சாதாரணமானது என்கிறது. விழா போன்ற அந்த வடிவம் நோயாளியின் தனிமையைக் கலைக்கிறது. 2019இல் எம்மி விருது பெற்ற பாடல் அது.

10. மூலப் படைப்பாளியே பகடியில் கலந்துகொண்டால் அதன் பல் போய்விடாதா?

எப்போதும் இல்லை. பிரிட்டிஷ் நகைச்சுவைக் கலைஞர்கள் எரிக் ஐடில், நீல் இன்னிஸ் ஆகியோரின் 'தி ரட்ல்ஸ்' என்ற கற்பனைக் குழுவைப் பற்றிய 1978ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் படம் பீட்டில்ஸ் குழுவின் வரலாற்றையே கிண்டல் செய்தது. அதில் பீட்டில்ஸ் உறுப்பினர் ஜார்ஜ் ஹாரிசனே ஒரு செய்தியாளராக வந்து போகிறார். தம் புகழின் மீது அவருக்கே அலுப்பு இருந்ததால் அவர் வரவு படத்தைக் கூர்மையாக்கியது. இதற்கு மாறாக, 'கேலவான்ட்' (2015, 2016) தொடரில் டிஸ்னி அசைபடங்களின் இசையமைப்பாளர் ஆலன் மென்கன், அந்தப் படங்களின் நடையையே வேடிக்கையாக்கினார். இனிமையான தொடர்தான்; ஆனால் தன் கைவரிசையைத் தானே கிள்ளும்போது கை அவ்வளவு அழுத்துவதில்லை.

மூலவர் யாரும் பங்கேற்காமலே மிக நெருக்கமாகப் போனது, ஆவணப்படங்களைப் பகடி செய்யும் 'டாக்குமென்டரி நவ்' தொடரின் 2019ஆம் ஆண்டு அத்தியாயம். இசையமைப்பாளர் ஸ்டீபன் சாண்ட்ஹைமின் 'கம்பெனி' நாடகப் பாடல்கள் ஒலிப்பதிவு செய்யப்பட்டதை டி. ஏ. பென்னபேக்கர் 1970இல் ஆவணப்படமாக்கினார். களைத்துப்போன நடிகை எலைன் ஸ்ட்ரிட்ச் ஒரே பாடலோடு மல்லுக்கட்டும் பகுதி அதன் உச்சம். பகடி அந்தக் களைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, ஒலிப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே நாடகம் நிறுத்தப்பட்டுவிட்ட செய்தியைக் கொண்டுவருகிறது.

11. நான் கண்டுபிடித்த குறிப்பை எழுத்தாளர் நினைத்தே பார்க்கவில்லையென்றால் அது தவறா?

தவறில்லை, ஆனால் அதைப் பகடி என்று அழைக்க வேண்டாம். எந்தப் பிரதியும் முந்தைய பிரதிகளின் துண்டுகளால் ஆனது என்று அறுபதுகளில் இலக்கியக் கோட்பாட்டாளர் யூலியா கிறிஸ்தேவா வாதிட்டார். அந்தப் பொருளில் உங்கள் கண்டுபிடிப்பு செல்லும். பகடிக்கோ சுட்டும் நோக்கம் வேண்டும். ஒற்றை ஒற்றுமை தற்செயலாக இருக்கலாம். இசையும் உடையும் கதைச்சூழலும் ஒரே மூலத்தைக் காட்டினால் தற்செயல் என்று சொல்வது கடினம்.

12. துணைவசனத்தை வாசித்துக்கொண்டே பார்த்தால் பகடி தப்பிவிடுமா?

இயைபும் சொல்விளையாட்டும் தப்பும். ஐந்தாம் கேள்வியில் பட்டியலிட்ட மற்ற அடையாளங்கள் பெரும்பாலும் தப்பாது. பாடல்களை முதல்முறை வாசிக்காமல் பாருங்கள். பிறகு வரிகளோடு பாருங்கள்.

13. பகடி புரியாமல் யாராவது கோபப்பட்டால் அது பகடி செய்தவரின் தவறா?

சில நேரம் பாதித் தவறு. 1992இல் சிம்ப்ஸன்ஸ் ஒரு கற்பனை இசை நாடகத்தைக் காட்டியது. அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸின் தீவிரமான நாடகத்தை எடுத்து, எழுதத் தெரியாத ஒருவர் அசட்டுத்தனமான இசை நாடகமாக்கினால் எப்படியிருக்கும் என்பதே கேலி. அதன் தொடக்கப் பாடல் நியூ ஆர்லியன்ஸ் நகரைத் திட்டித் தீர்த்தது. நகரத்தார் வெகுண்டார்கள், அடுத்த வார அத்தியாயத்தின் தொடக்கத்தில் தொடரின் சிறுவன் பார்ட், நியூ ஆர்லியன்ஸை இழிவுபடுத்த மாட்டேன் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தான். குறி நகரமன்று, மோசமான இசை நாடகம். ஆனால் வரிகளைத் தனியே பிரித்து வாசித்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? சட்டகத்தை நம்பியிருக்கும் பகடி, சட்டகத்திலிருந்து கழன்று விழுந்தால் வசையாகிவிடும் என்பதை எழுதுபவர் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

14. மெட்டையே எடுத்துப் பாடுகிறார்களே, யாரும் வழக்குப் போடுவதில்லையா?

போட்டிருக்கிறார்கள். 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சி 1978இல், நியூயார்க் மாநிலத்தின் சுற்றுலா விளம்பரப் பாடலை, விவிலியத்தில் வரும் சோதோம் நகரம் தன் பெயரை மீட்கப் பாடும் பாடலாக மாற்றியது. உரிமையாளர் தொடுத்த வழக்கில், அது நியாயமான பயன்பாடு (உரிமையாளரின் அனுமதி தேவைப்படாத பயன்பாடு) என்று நீதிமன்றம் 1980இல் கூறியது. 'ஃபேமிலி கை' தொடர், 1940ஆம் ஆண்டின் 'பினோக்கியோ' படத்தில் விண்மீனை நோக்கி வேண்டும் பாடலின் மெட்டில், யூதர்களைப் பற்றிய முன்முடிவுகளைத் தொடரின் நாயகன் பீட்டர் வெள்ளந்தியாகப் பாடுவதாகக் காட்டியது. 2009இல் அதற்கும் அதே தீர்ப்பு கிடைத்தது. மூலத்தின் களங்கமற்ற உலகப் பார்வைக்கும் பீட்டரின் அறியாமைக்கும் உள்ள முரணை அந்தப் பாடல் சுட்டியது என்பது முக்கியமாயிற்று.

இடையில் 1994இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், '2 லைவ் க்ரூ' என்ற ராப் குழுவின் பாடலைப் பற்றிய வழக்கில் ஓர் எல்லைக்கோடு போட்டது. மூலத்தையே விமர்சிக்கும் பகடிக்கு அதைக் கடன் வாங்கக் காரணம் இருக்கிறது. மூலத்தை வெறும் கருவியாக வைத்து உலகில் வேறெதையோ கிண்டல் செய்தால் கடனுக்குத் தனிக் காரணம் காட்ட வேண்டும். முதல் கேள்வியில் சொன்ன "சிரிப்பு யாரை நோக்கி" என்பது நீதிமன்றத்திலும் கேட்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014இல், இருக்கும் ஒரு படைப்பை நினைவூட்டிக்கொண்டே அதிலிருந்து தெளிவாக வேறுபட்டிருப்பதும், நகைச்சுவையையோ கேலியையோ வெளிப்படுத்துவதும் போதும் என்று பகடியை வரையறுத்தது. அதே ஆண்டு பிரிட்டன் தன் பதிப்புரிமைச் சட்டத்தில் பகடிக்கென விதிவிலக்கைச் சேர்த்தது.

பாணியை மட்டும் எடுத்துக்கொண்டு மெட்டைப் புதிதாக எழுதும் வழி சட்டப்படி பெரிதும் பாதுகாப்பானது. தொடர்கள் அதை அதிகம் நாடுவதற்கு இதுவும் காரணம். ஆனாலும் மிக நெருங்கினால் சிக்கல் வரும். ரட்ல்ஸ் பாடல்களைப் புதிதாகத்தான் எழுதினார் இன்னிஸ். அப்படியிருந்தும் பீட்டில்ஸ் பாடல்களின் உரிமை வைத்திருந்த நிறுவனம் உரிமை கோர, பாடல் வருவாயில் ஒரு பங்கை அவர் விட்டுக்கொடுக்க நேர்ந்தது.